‘கேட்டுட்டு வர்றேங்க’ என்று சொல்

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது வியாழக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. நானும் நலமாக இல்லை. பயந்துபோய்க் கிடக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ “சரிம்மா, சரிம்மா” என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும். உன் அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும், மறைக்க வேண்டாம். அவர்களுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களும் என்னைப் போலவே அடுப்படியிலும் குழாயடியிலும் போனைக் கையோடு வைத்துக்கொண்டுதான் அலைவார்கள்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் எழுதிப் பார்க்கிறேன். உங்கள் கம்பெனியில் ஒரு கார் சீட்டைத் தைத்து, பூட்டி, லைனில் தள்ளிவிடக் கொடுக்கும் நேரத்தை நிர்வாகம் இன்னும் குறைக்கப் பார்க்கிறது. வேகத்தை எங்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அதற்காகச் சங்கம் வைத்தீர்கள், கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தீர்கள், பேசுவதற்கு ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தீர்கள். ஐந்தில் நீ ஒருவன். ஐந்தில் இரண்டு பேரை ஏற்கெனவே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இப்போது ஹெச்.ஆர். அதிகாரி உன்னை மட்டும் திங்கட்கிழமை காலையில் தனியாக வரச் சொல்லியிருக்கிறார். புதிதாக ஒரு கமிட்டி போடப்போகிறார்களாம், அதில் தொழிலாளர் பக்கத்து உறுப்பினர் நீதானாம். புதிய வேகத்துக்குச் சம்மதம் என்று கமிட்டியின் முதல் கையெழுத்தை நீ போட வேண்டுமாம்.

“அன்னைக்கே பதில் சொல்லிடணுமாம்மா” என்றாய். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் பயந்தேன். சஸ்பெண்ட் என்றபோதுகூட அப்படிப் பயப்படவில்லை. நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். “வேணாண்டா தம்பி, நீ அந்த அஞ்சு பேர்லேருந்து வெலகிக்க. தையில கல்யாணத்த வச்சுக்கிட்டு ஒனக்கு எதுக்கு இந்த வம்பு?” என்றேன். நீ “சரிம்மா” என்றாய். ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். வழக்கமாக நாலு தடவை சொல்பவன் ஒரு தடவை சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னிடம் நான் ஒன்றை மறைத்திருக்கிறேன். பத்தொன்பது இருபது வருடமாக மறைத்தது. வேம்பு அத்தையின் காலை நீ சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்திருக்கிறாய். முழங்காலுக்குக் கீழே தோல் சுருங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, செருப்பின் வாரை அறுத்துவிட்டுத்தான் மாட்டுவாள். “மில்லுல அவிச்ச நெல்லு கொட்டிடுச்சு” என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய் இல்லை. ஆனால் யார் வாயால் கொட்டியது என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் சொல்லாதது அவள் பெருந்தன்மை. நான் சொல்லாதது என் கோழைத்தனம்.

மில்லுக்கு முன்னால் நாங்கள் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் சம்பாவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வேலை தொடங்குவதற்கு முன் நிலத்துக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்து நிற்பார். நாங்கள் பதினைந்து இருபது பேர் கையில் நாற்றுமுடியோடு சேற்றில் நிற்போம். கூலி எவ்வளவு, எத்தனை மணிக்குக் கரையேறுவது, எத்தனை ஆள் என்பதெல்லாம் அங்கேதான் பேசி முடிவாகும். எங்கள் பக்கம் பேசப் போவது வேம்பு. அன்றைக்கு அவர் “ரெண்டு ஆளக் கொறச்சுக்க, மீதிப் பேரு மதியத்துக்கு மேலயும் நட்டுக் குடுங்க” என்றார். வேம்பு தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “கேட்டுட்டு வர்றேங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன், ஒனக்கு வாய் இல்லையா? நீயே சொல்ல மாட்டியா?” என்று கேட்டார். வேம்பு நின்று, பணிவாகத்தான் சொன்னாள்: “வாய் என்னுதுங்க. முதுகு அவங்களுதுல்ல?”

பிறகு முழங்கால் சேற்றில் காலை உருவி உருவி எங்களிடம் வந்தாள். பேசினோம். எனக்கு இடுப்பு வலி என்றாள் ஒருத்தி, என் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு திரும்ப வரப்புக்குப் போனாள். அவர் இன்னொன்று சொன்னார். மறுபடியும் “கேட்டுட்டு வர்றேங்க.” மூன்று நடை நடந்தாள் அன்றைக்கு. அதுவரை ஒரு நாற்றுகூடச் சேற்றில் இறங்கவில்லை. அவர் குடையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டே நின்றார். கடைசியில் ஆளைக் குறைக்கவில்லை. அரை மணி நேரம் கூடுதலாக நடுகிறோம் என்று நாங்களும் இறங்கி வந்தோம். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? இந்தப் பொம்பளைக்குத் தானாக ஒரு முடிவு எடுக்கத் தெரியவில்லையே, இவளைப் போய்த் தலைவி என்கிறார்களே என்று தோன்றியது. பத்தாவது வரை படித்தவள் அல்லவா நான். அந்தத் திமிர்.

அப்புறம் நடவு இயந்திரம் வந்தது, வேலை நாட்கள் குறைந்தன. நாங்கள் பன்னிரண்டு பேர் திருவாரூர் ரோட்டில் இருந்த அரிசி மில்லுக்குப் போனோம். உனக்கு அப்போது ஆறு வயது, உன் அப்பா இருந்தார். நெல்லை ஊறப்போட்டு, உயரமான இரும்புத் தொட்டியில் ஆவி விட்டு அவித்து, சிமெண்ட் களத்தில் கொட்டிக் காயவைக்கிற வேலை. களத்தில் எங்களுக்கென்று ஓர் உரிமை இருந்தது. மேகம் திரண்டால் எப்போது நெல்லைக் குவித்துப் படுதா போடுவது என்று முடிவு செய்வது நாங்கள்தான். மேனேஜர் எத்தனை கத்தினாலும் சரி, ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து, வானத்தைப் பார்த்து, எங்களுக்குள் பேசிக்கொண்டு பிறகுதான் கைவைப்போம். முதலாளி அதில் தலையிட மாட்டார். ஒரு தடவை தலையிட்டு ஒரு களம் நெல்லும் நனைந்து முளைவிட்டது அவருக்கு மறக்கவில்லை.

ஒருநாள் தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை, வெயிலுக்கு ஒதுங்க நிழல் இல்லை என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். கமிட்டி போடுங்கள், தொழிலாளர் மூன்று பேர், நிர்வாகம் மூன்று பேர், உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். களத்தில் எல்லோரும் வேம்புவைத்தான் சொன்னார்கள். அவள்தான் என்னைத் தள்ளிவிட்டாள். “அங்க எழுதி எழுதி நீட்டுவானுங்க, எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படிச்சவ, நீ போ. போயி எல்லாத்தையும் கேட்டுக்க. ஆனா பதில மட்டும் இங்க வந்து எடுத்துக்கிட்டுப் போ, புள்ள” என்றாள்.

முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். கக்கூஸ் வந்தது, தாழ்ப்பாளோடு வந்தது. கொதிக்கிற களத்தில் நடக்கச் செருப்பு வந்தது. ஒவ்வொன்றுக்கும் களத்துக்கும் ஆபீசுக்கும் நடந்தேன். அதெல்லாம் எங்களுக்குப் பெரிய வெற்றி, தம்பி, இப்போது நினைத்தாலும் பெருமைதான். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. எனக்கு நாற்காலி ருசித்துவிட்டது. மேனேஜர் குடிக்கிற அதே கண்ணாடி டம்ளரில் எனக்கும் டீ. “நீ, வா, போ” என்றிருந்தவர் “வாங்க, உக்காருங்க” என்றார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் அதை இரண்டு தடவை சொல்லியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே “அடுத்த மாசம் ஒனக்கு ரூம்புல ஃபேன் போட்டுருவாங்க” என்று கிண்டல் செய்தார். எனக்குக் கோபம் வந்தது.

ஒரு கோடைக்காலத்துக் காலை. மேனேஜர் என்னை மட்டும் கூப்பிட்டனுப்பினார். மற்ற இரண்டு பேர் எங்கே என்று கேட்டேன். “அவங்க வந்தா கூச்சல்தாங்க வரும். நீங்க வெவரம் தெரிஞ்சவங்க, நீங்களே ஒரு முடிவச் சொல்லுங்க” என்றார். விஷயம் இதுதான். அவிக்கும் தொட்டியின் அடியில் ஓர் இரும்புக் கதவு உண்டு. அதைத் திறக்கும்போது தொட்டி வேலைக்காரிகள் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருத்தி கதவின் பிடியை இறுக்கிப் பிடித்து மெள்ள மெள்ள விடுவாள், இன்னொருத்தி கீழே தள்ளுவண்டியில் நெல்லை வாங்கி இழுத்துக்கொண்டு போவாள். இனித் தொட்டிக்கு ஒரே ஆள்தான் என்றார். ஒத்துக்கொள்ளாவிட்டால் நெல் காயவைக்கும் டிரையரை இந்த மாதமே இறக்குவோம், களத்துப் பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். “முதலாளி இன்னைக்கே பதில் கேக்கறாரு.”

சத்தியமாகச் சொல்கிறேன், “கேட்டுட்டு வர்றேங்க” என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, விவரம் தெரிந்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு, என்னால் ஒரு பதில் சொல்ல முடியாது என்று எப்படிச் சொல்வது? பயமாகவும் இருந்தது. எழுந்து போய்த் திரும்பி வருவதற்குள் டிரையர் வந்துவிடுமோ என்று பயம். பன்னிரண்டு குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு “சரிங்க” என்றேன். அவரே பேனாவைத் திறந்து கொடுத்தார். களத்துக்கும் ஆபீசுக்கும் நடுவே எத்தனை தூரம் என்று நினைக்கிறாய்? ஒரு லாரி திரும்புகிற தூரம்தான்.

களத்தில் வந்து சொன்னபோது யாரும் என்னைத் திட்டவில்லை. வேம்பு முதல் ஆளாகப் போய்த் தள்ளுவண்டியை எடுத்தாள். சில வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா, எல்லாம் சரியாகத்தானே போகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் முற்பகலில் களத்தில் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்தபோது தொட்டிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கதவு இறுகிப்போயிருக்கிறது. வேம்பு ஒருத்தியாக வண்டியை முட்டுக்கொடுத்துவிட்டுப் பிடியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். கதவு ஒரே அடியாகத் திறந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரும் நெல்லும் அவள் இரண்டு காலிலும் கொட்டிவிட்டன. ஓடிப் போய்ப் பார்த்தபோது அவள் நெல்லுக்குள் நின்றுகொண்டிருந்தாள். காலை எடுக்க முடியவில்லை. அதை இதற்குமேல் எழுத மாட்டேன்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் மேனேஜர் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். தொழிலாளர் பிரதிநிதியின் சம்மதத்தோடுதான் ஆளைக் குறைத்தோம், இதோ கையெழுத்து என்றார். என் கையெழுத்து அழகாக இருக்கும், உனக்குத் தெரியும். அந்த ஒரு காகிதத்தை வைத்தே அவர்கள் வேம்புவைக் கைகழுவிவிட்டார்கள். டிரையரும் அடுத்த அறுவடைக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

திருவாரூர் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன். அவள் சொன்னது இதுதான்: “நீ வந்து கேட்டிருந்தா நாங்களும் சரின்னுதான் சொல்லியிருப்போம், புள்ள. வேலை போயிடும்னா வேற என்ன சொல்றது? ஆனா, வண்டிய வேணா ஒருத்தியா தள்ளிக்கிறோம், கதவு தொறக்கறப்ப மட்டும் பக்கத்துத் தொட்டிக்காரி வந்து புடிக்கட்டும்னு சொல்லியிருப்போம். கதவப் பத்தி எங்களுக்குத் தெரியும்ல. ஒனக்கும் அவனுக்கும் என்னா தெரியும்?” நான் களத்து வேலைக்காரி. தொட்டிக் கதவை ஒரு நாள்கூடப் பிடித்ததில்லை. தெரியாத வேலைக்குச் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை நான் என் வயிற்றில் பிறந்த உன்னிடம்கூடச் சொல்ல முடியாமல் இத்தனை வருடம் தூக்கிச் சுமந்திருக்கிறேன்.

இப்போது தெரிகிறதா, நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று? எனக்கு இரண்டு பயம். உன்னை வெளியே தள்ளிவிடுவார்களோ என்பது ஒன்று. அது எல்லா அம்மாவுக்கும் வரும். வேலை போய், வாடகை அறையைக் காலி செய்து, பெட்டியோடு நீ பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி, போனை வைத்ததிலிருந்து கண்ணில் வந்துகொண்டே இருக்கிறது. இன்னொரு பயம், உன்னை உள்ளே உட்காரவைத்துவிடுவார்களோ என்பது. இது என்னைப் போல ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தவளுக்குத்தான் வரும். அந்த லைனில் உனக்கு எந்த வேலை தெரியும்? தையல் தெரியும். வெல்டிங்கில் நிற்பவனுக்கு அந்த வேகத்தில் கை எங்கே மாட்டும் என்று உனக்குத் தெரியுமா?

இதுவரை எழுதிவிட்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் பேனாவை வைத்துவிட்டேன். ஏனென்றால், எழுதும்போதுதான் இன்னொன்று உறைத்தது. வியாழக்கிழமை நீ கூப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சீர்காழி சம்பந்தி கூப்பிட்டிருந்தார். அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. கம்பெனி வாசலில் நீ கொடியோடு நிற்கிற போட்டோ யார் மூலமாகவோ அவர் போனுக்குப் போயிருக்கிறது. “சம்பந்தியம்மா, எம் பொண்ணு வாழ்க்கைங்க. மாப்ள இதுலேருந்து வெலகுவாரா மாட்டாரா? பத்திரிக அடிக்கக் குடுக்கணும், இன்னைக்கே ஒரு முடிவச் சொல்லிடுங்க” என்றார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் “வெலகிடுவான், நான் பாத்துக்கறேங்க” என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் உன்னிடம் “வெலகிக்க” என்றேன். அதே மில், அதே நாற்காலி, அதே “இன்னைக்கே.” வேம்புவின் காலைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிற நானே மறுபடியும் அதைத்தான் செய்திருக்கிறேன், இந்தத் தடவை உன் முதுகை வைத்து.

எழுதியதை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய் வேம்புவுக்குப் படித்துக் காட்டினேன். நீ படிக்கப்போகிற அத்தனையும் முதலில் கேட்டது அவள்தான். மில் கதை வந்தபோது வெளியே ஆட்டைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்பந்தி விஷயம் வந்ததும் திரும்பி, “அடிப் பாவி, இன்னும் ஒனக்குப் புத்தி வரலயா?” என்றாள். இருபது வருடம் கழித்து அவளிடம் வாங்கிய முதல் திட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. “அழுவாத. காலையில மொத பஸ்ஸப் புடி. போயி, குடுத்த பதிலத் திருப்பி வாங்கிக்கிட்டு வா” என்றாள்.

நேற்று, சனிக்கிழமை, சீர்காழிக்குப் போனேன். மயிலாடுதுறை வரை விடாத மழை. ரோட்டின் இரண்டு பக்கமும் நட்ட சம்பா தண்ணீருக்குள் நுனி மட்டும் தெரிந்துகொண்டு நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது. நல்ல சம்பந்தம். தேடித் தேடி அமைந்தது. நான் போய்ப் பேசப்போகிற பேச்சில் அறுந்துபோனால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

சம்பந்தி மரியாதையாகத்தான் வரவேற்றார். உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். “சம்பந்தி, வியாழக்கெழம நான் சொன்ன பதிலத் திருப்பி வாங்கிக்கிறேங்க. அது என் பதிலு. அவனக் கேக்காம சொல்லிட்டேன்.” அவர் முகம் மாறிவிட்டது. “அப்ப கல்யாணம்?” என்றார். “அவனக் கேக்காம அதுக்கும் நான் பதில் சொல்ல முடியாதுங்க” என்றேன். அவர் கோபத்தில் எழுந்துவிட்டார். “நான் என்ன வம்புக்கா கேக்கறேன்? பயமா இருக்கும்மா. நாளைக்கு வேலை போயி, கேசு கீசுன்னு அலைஞ்சா எம் பொண்ணு எங்க போவா?” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என் பயமும் அவர் பயமும் ஒன்றுதான். அதைச் சொல்லவும் சொன்னேன்.

உனக்குப் பேசியிருக்கும் ஆனந்தி அப்போதுதான் ஆஸ்பத்திரி லேப்பிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். வாசல்படியில் நனைந்த குடையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏம்ப்பா, வெலகணும்னு நீங்க கேட்டீங்க. வெலகிடுவார்னு அத்தை சொன்னாங்க. ரெண்டு வீட்லயும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலயே?” சம்பந்தி மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்து, “சரி, கேக்கறேன். நீ என்னம்மா சொல்ற?” என்றார். “இப்பவே சொல்ல மாட்டேன். நாளைக்கு ஞாயித்துக்கெழம அவர்ட்ட பேசிட்டுச் சொல்றேன்” என்றாள். தம்பி, வேம்பு சேற்றில் காலை உருவிக்கொண்டு நடந்தது என் கண்ணில் வந்து போனது. இந்தப் பெண் சேற்றையே பார்த்திருக்க மாட்டாள்.

கல்யாணம் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. வாசல் வரை வந்து வழியனுப்பிய சம்பந்தி வழக்கமாகச் சொல்கிற “பாத்துப் போங்க” என்பதைச் சொல்லவில்லை. இன்று மாலை ஆனந்தி உன்னைக் கூப்பிடுவாள். அவளிடம் எதையும் மறைக்காதே. சஸ்பெண்ட் ஆகலாம் என்றால் ஆகலாம் என்று சொல். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். அவள் வேண்டாம் என்று சொன்னாலும் அது அவள் பதில். கோபப்படாதே.

நாளைக்கு அந்த அறைக்குப் போனால் நீ பார்க்கப்போவதை நான் இங்கிருந்தே சொல்லிவிடுகிறேன். ஏசி குளிரும். மெத்தென்று ஒரு நாற்காலி இருக்கும். உன்னை “வாங்க” என்பார், “உங்களை மாதிரி வெவரமானவங்க” என்பார். கமிட்டி கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன், எங்களுக்குத் தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ் அதில்தான் வந்தது. கேட்பதையெல்லாம் கேட்டுக்கொள், எழுதிக்கொள். ஆனால் அவர் பேனாவைத் திறந்து நீட்டுகிற நேரத்தில் “கேட்டுட்டு வர்றேங்க” என்று சொல்லி எழுந்துவிடு. சிரிப்பார். உனக்கு வாய் இல்லையா என்று அவர் பாஷையில் கேட்பார். உனக்கு வெட்கமாக இருக்கும், எழ மனசு வராது. நான் எழுந்திருக்காத இடம் அது, தம்பி. அதற்காக வேலை போகாது என்று நான் உனக்குச் சத்தியம் செய்ய முடியாது. போனாலும் போகும்.

இத்தனையும் எழுதிவிட்டுப் பார்த்தால், இதுவும் உன்னைக் கேட்காமல் நான் எடுத்த முடிவு மாதிரியே இருக்கிறது. வியாழக்கிழமை “வெலகிக்க” என்றேன், ஞாயிற்றுக்கிழமை “எழுந்துவிடு” என்கிறேன். இரண்டும் என் வாய்தான். அதனால் ஒன்று செய்கிறேன். இந்தப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து வரிசையாக அனுப்புகிறேன், நடுவில் என் கட்டைவிரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள். படித்துவிட்டு, இருபத்தேழு வருடத்தில் நான் உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்.

நீ என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?

உடனே சொல்ல வேண்டாம். அந்த நாலு பேரையும் கேட்டுவிட்டுச் சொல். எனக்கு எவ்வளவு பயமாக இருந்தாலும் அதுவரைக்கும் நான் வரப்பிலேயே நிற்கிறேன்.

அம்மா